கோடையில் கேட்காத பெயர்கள்

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

உன்னுடைய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சுரங்கக் கம்பனி உனக்கு வீடு தந்திருக்கிறது, அதில் ஒரு அறையை எனக்கென்று ஒதுக்கி யன்னலில் குளிரூட்டிகூடப் பூட்டி வைத்திருக்கிறாய், நத்தாருக்கு முன்னம் மெல்பேர்ன் வீட்டைப் பூட்டிவிட்டு நான் வந்து சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். குசினியில் நின்றபடியே வாசித்தேன். பிறகு கதிரையில் இருந்து இன்னொருமுறை வாசித்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இந்த வீட்டில் இப்போது தேத்தண்ணீர் ஊற்றினால் ஒரு கோப்பைக்குத்தான் ஊற்ற வேண்டும். பிள்ளை வா என்று கூப்பிடுகிறான், போய்விட்டால் என்ன என்று மனம் ஒரு துள்ளுத் துள்ளியது. ஆனால் அதற்குப் பதில் எழுத முதல், நீ முன்பு கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ மறந்திருப்பாய். மாசி மாதம், ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேசனில், உன்னை மேற்கு அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிற ரயில் வெளிக்கிட நின்ற நேரத்தில் கேட்டாய்.

“அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்கட புரோகிராமை ஆர் கேக்கினம்?”

சாப்பாட்டுப் பார்சலைப் பத்திரமாக வைத்தாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். நீ நக்கலாகக் கேட்கவில்லை, தெரியும். கிழமை முழுக்க ஒரு அரை மணித்தியாலத்துக்காக மாய்கிற தாயைப் பார்த்து மனம் பொறுக்காமல் கேட்டாய். ஆனால் எனக்குச் சுள்ளென்று இருந்தது. ஏனென்றால் அதே கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வானொலி நிலையத்தை நடத்துகிற ஜோன் என்ற பெண்ணும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டாள். அடுத்த வருசம் தமிழ் நிகழ்ச்சியை யார் செய்வது என்று இந்த மாத முடிவுக்குள் சொல்லு, ஆள் இல்லையென்றால் அந்த நேரத்தை வேறு மொழிக்காரருக்குக் கொடுக்கப் போகிறேன் என்கிறாள். ஆள் இல்லை. நான்தான் ஆள். நான் உன்னிடம் வந்தால் நிகழ்ச்சி போயிற்று. அதனால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நிலையத்தின் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது படிப்பும் கிரிக்கெட்டுமாய்த் திரிந்தாய். பிரன்ஸ்விக்கில் ஒரு பழைய தையற்கடையின் மேல்மாடியில் ஒரு சின்ன ஏஎம் வானொலி நிலையம் தொடங்கப் போகிறார்கள், ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளுக்கெல்லாம் நேரம் கொடுக்கப் போகிறார்கள் என்று உன் அப்பாதான் கேள்விப்பட்டுக்கொண்டு வந்தார். ரயில்வேயில் மின்சார வேலை பார்த்த மனிதர். வயரும் வால்வும் கண்டால் சோறும் வேண்டாம். சனிக்கிழமைகளில் அங்கே போய்ச் சும்மா நின்று உதவி செய்தார். சுவர் முழுக்க முட்டைத் தட்டுகளை ஒட்டினார்கள், சத்தம் எதிரொலிக்கக் கூடாதென்று. அப்படி ஒட்டியும் கீழே தெருவில் டிராம் போனால் மணிச்சத்தம் ஒலிவாங்கிக்குள் வந்துவிடும். மேற்குப் பக்கத்து வெளியில், செம்மறிகள் மேய்கிற ஒரு காணிக்குள் அலையை அனுப்புகிற கம்பம் நின்றது. பலம் மிகக் குறைவு. எங்கள் வீட்டு அடுப்புக்கு இதைவிடக் கூடக் கரண்ட் போகுது என்று அப்பா பகிடி விடுவார்.

முதலில் இத்தாலியருக்கும் கிரேக்கருக்கும் நேரம் கிடைத்தது. பிறகு மற்றவர்களும் கேட்கலாம் என்றார்கள். அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போய்க் கேட்டார். மெல்பேர்னில் எத்தனை தமிழர் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நிறையப் பேர் என்று சொல்லிவிட்டு வந்தார். வாழ்க்கையில் பொய் சொல்லாத மனிதர் சொன்ன ஒரே பொய் அதுதான். அப்போது எங்கள் ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டாலும், சப்பாத்துகளை வெளியே விட்டால், எங்கள் வீட்டு ஹோலுக்குள் இருத்திவிடலாம். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அரை மணித்தியாலம் தந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு வானொலி என்றால் என்ன? நேயர் விருப்பம். பாட்டு வரும், ஆனால் பாட்டுக்கு முன்னம் பெயர்கள் வர வேண்டும். இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள் என்று தொடங்கி, ஊரைச் சொல்லி, தகப்பன் பெயர், தாய் பெயர், மூத்தது, இளையது, தவழுகிற குழந்தைவரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் இசைத்தட்டைச் சுழல விட வேண்டும். அப்பாவும் அப்படியே செய்தார். எங்களிடம் இருந்த இசைத்தட்டுகளோ ஒரு கைக்குள் அடங்கும். அதனால் பெயர்களால்தான் நேரத்தை நிரப்பினார். ஜோன் ஒருநாள் கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, நீங்கள் என்ன டெலிபோன் புத்தகமா வாசிக்கிறீர்கள் என்று கேட்டாளாம். அப்பாவுக்கு வந்ததே கோபம். பாட்டைக் குறைத்தாலும் குறைப்பேன், ஒரு பெயரையும் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் பாவம், அவளுக்கு எப்படி விளங்கும்? கிழமை முழுக்க வேலைத்தலத்தில் பாதிப் பெயராகவும் கால் பெயராகவும் கிடக்கிறவன், அந்த ஒரு நிமிசத்தில் தன் முழுப் பெயரைக் கேட்கிறான்.

அப்பாவிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. அறிவிப்பாளரின் வீட்டுப் பெயர் வாசிக்கக் கூடாது. பந்தியில் பரிமாறுகிறவன் தன் இலையை முதல் நிரப்பக் கூடாது என்பார். உன்னுடைய இருபத்தோராவது பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, நினைவிருக்கிறதா? கேக் வெட்டாமல் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தாய். யார் யாரோ பெயரெல்லாம் வாசித்தார், உன் பெயர் வரவில்லை. நீ எழும்பிப்போய் அறைக் கதவைச் சாத்தினாய். அவர் வீட்டுக்கு வந்ததும் நான் பிடிபிடி என்று பிடித்தேன். “இஞ்சேருங்கோ, பெத்த பிள்ளையின்ர பேரைச் சொன்னால் உங்கட வாய் புளிச்சுப் போகுமோ?” என்று கேட்டேன். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் அன்பெல்லாம் அப்படித்தான், உள்ளுக்குள் கிடந்து புழுங்கும், வெளியே வராது. நீயும் அவரைப்போலத்தான் வந்திருக்கிறாய். இதை உனக்கு ஒரு புத்திமதியாகவே சொல்கிறேன், கல்யாணம் முடித்தால் இதை மட்டும் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

அவர் கண்ணை மூடிய கிழமையை நான் விபரிக்கத் தேவையில்லை, நீ பக்கத்தில் இருந்தாய். ஆனால் அந்த ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியாது. எங்களுக்கு முந்தின நேரம் மால்ட்டா மொழி நிகழ்ச்சி. அதைச் செய்கிற கார்மல் என்ற மனிதர் தன் நிகழ்ச்சி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் இசைத்தட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு எழுத்தும் விளங்காமல், ஒன்றன்பின் ஒன்றாக அரை மணித்தியாலம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேரம் வெறுமையாகப் போனால் யாராவது பறித்துவிடுவார்கள் என்று பயந்தாராம். அதைக் கேள்விப்பட்ட பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறே வெளிக்கிட்டேன். புருசன் செத்து முப்பத்தோராம் நாள் சடங்குகூட முடியவில்லை, இவள் ரேடியோவில் போய்ப் பாட்டுப் போடுகிறாள் என்று இங்கேயுள்ள எங்கள் பெண்டுகள் வாயில் போட்டு மென்றார்கள். நீதான் காரை எடுத்துக்கொண்டு வந்து, “ஏறுங்கோ அம்மா, நேரம் போகுது” என்றாய். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், ராசா.

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிறு ஒன்றுதான் நாள். மற்ற நாட்களில் நீ காலையில் போனால் இரவு வருவாய். பக்கத்து வீட்டுக்காரி நல்லவள், வேலிக்கு மேலால் கையை ஆட்டிச் சிரிப்பாள், அதோடு சரி. இறைச்சிக் கடைக்காரனிடம் விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வருவேன். சில நாள் மத்தியானம் எனக்கு நானே சத்தம் போட்டுப் பேசிப் பார்ப்பேன், குரல் இருக்கிறதா என்று. ஞாயிறு ஆறு மணிக்கு அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து வணக்கம் என்று சொன்னால்தான் தொண்டை திறக்கும். யார் கேட்கிறார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பேசுவதே போதுமாக இருந்தது. பிறகு பிறகு விருப்பம் கேட்டு எழுதுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆட்கள் வீடு வாங்கினார்கள், கசெட் பிளேயர் வாங்கினார்கள், ஊரில் இருந்து பாட்டுக் கசெட் வரத் தொடங்கியது. என்னிடம் இருந்த தேய்ந்த தட்டுகளை யார் கேட்கப் போகிறார்கள்?

அப்படியிருக்கப் போன வருசம் குளிர்காலத்தில் ஹோர்ஷமிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அடிலெய்ட் போகிற பாதையில், கோதுமை விளைகிற வெளிக்கு நடுவில், மெல்பேர்னிலிருந்து அரை நாள் ரயில் பயணம். அவ்வளவு தூரம் எப்படிக் கேட்டது என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் ஏஎம் அலை நிலத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம்தான் போகுமாம். இருட்டினால் வானத்தில் பட்டுத் திரும்பி எங்கேயெங்கேயோ போய் விழுமாம். குளிர்காலத்தில் ஆறு மணிக்கு இருட்டிவிடுகிறது அல்லவா? அட்டையில் எழுதியிருந்தது இதுதான்: விரும்பிக் கேட்பவர்கள் ஹோர்ஷம் குலசேகரம் மாஸ்ரர், மனைவி பரமேஸ்வரி, மகள்மார் தேவகி, வசந்தி. கிழமைக்கு ஒன்று தவறாமல் வரும். அதே கையெழுத்து, அதே நாலு பெயர். பாட்டு எதுவென்றாலும் சரி என்று கடைசியில் எழுதியிருப்பார்.

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீ தலையில் அடித்துக்கொள்வாய். கார்த்திகை மாதம் நீ மேற்கில் சுரங்க வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னாய். இவனை இங்கே பிடித்து நிறுத்த என்ன வழி என்று யோசித்தேன். மாஸ்ரர் குடும்பம், இரண்டு பெண்பிள்ளைகள், தமிழ்ப் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள். தேவகி என்ற பெயரை ஒவ்வொரு கிழமையும் என் வாயாலேயே சொல்லிச் சொல்லி, அவள் எனக்கு மருமகளாகவே வந்துவிட்டாள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கிழமை, நிலைய வேலையாகப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, காலை ரயில் ஏறினேன். போவதாக அவருக்கு எழுதவில்லை. சொல்லாமல் போனால்தானே வீட்டையும் பிள்ளைகளையும் உள்ளபடி பார்க்கலாம்? கையில் பயத்தம் பணியாரமும் முறுக்கும். நல்ல சேலை. உன்னுடைய பட்டமளிப்புப் படம் கைப்பைக்குள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். பனியனோடு நின்றார். நான் வாயைத் திறந்து தமிழில் கேட்டதும் அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே ஓடிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இருங்கோ, இருங்கோ என்று கதிரையில் கிடந்த விடைத்தாள்களை அள்ளினார். நான் இருக்கவில்லை, எட்டி எட்டிப் பார்த்தேன். குசினியில் பெண் நடமாட்டம் இல்லை. வாசலில் ஒரு சோடிச் செருப்பு. எனக்குத் தேத்தண்ணீரைக் கோப்பையில் தந்தார், தான் ஒரு ஜாம் போத்தலில் குடித்தார்.

“வீட்டுக்காரம்மாவும் பிள்ளையளும் வெளியிலை போட்டினமோ?” என்று கேட்டேன்.

“அவையள் ஊரிலை, அம்மா. இஞ்சை வரேல்லை. மாமி படுக்கையிலை, அவவை விட்டிட்டு வர மாட்டன் எண்டு இவ நிண்டிட்டா. பிள்ளையளும் தாயோடை. நான் வந்து அஞ்சாறு வருசம் ஆச்சு.”

மூத்தவளுக்கு என்ன வயது என்று கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், இரட்டைப் பின்னல் என்றார். அலுமாரியில் இருந்த படத்தைக் காட்டினார். நான் உன் படத்தைக் கைப்பையின் அடியில் தள்ளினேன். மனிதருக்கு விளங்கியிருக்கும், பணியாரப் பெட்டியையும் என் சேலையையும் பார்த்தாலே தெரியுமே. ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனம்.

எனக்கோ வெட்கமும் எரிச்சலும். அந்த வெட்கத்தை மறைக்க, போன ஞாயிறு உங்கள் நாலு பேரின் பெயரையும் அழுத்தித் திருத்தமாகச் சொன்னேனே, கேட்டீர்களா என்று கொஞ்சம் மிடுக்காகக் கேட்டேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பளீரென்று வெயில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்கழி மாதம், இந்த நாட்டில் கோடை. கோடை நேரமென்று மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியாயிற்று. ஆறு மணிக்கு நல்ல பகல். அந்த அலை இங்கே எப்படி வந்து சேரும்?

“கோடையிலை இஞ்சை வெறும் இரைச்சல்தான், அம்மா. ஒண்டும் கேக்கிறேல்லை. ஐப்பசியோடை நிண்டிடும்.”

“அப்ப ஏன் கிழமைக்குக் கிழமை எழுதிறியள்?”

“பள்ளிக்கூடத்திலை எனக்கு மிஸ்டர் கே எண்டுதான் பேர். பரமேஸ்வரி எண்ட பேரை இந்த ஊரிலை சொல்ல ஒரு வாய் இல்லை. ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டிட்டு இருப்பன். எனக்குக் கேக்காட்டியும் நீங்கள் வாசிச்சிருப்பியள்தானே?”

நான் ஓம் என்றேன். ஒரு கிழமையும் விடவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பின்னேர ரயிலுக்கு ஸ்டேசன்வரை வந்து ஏற்றிவிட்டார். உன்னைப் பற்றி விசாரித்தார். மேற்குக்குப் போகப் போகிறான், எனக்கு ஒரே பிள்ளை என்று சொன்னேன். முழுப் பெயர் என்ன என்று கேட்டார், சொன்னேன். திரும்பி வருகிற வழி முழுக்க யன்னலோடு தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவருக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நீ எங்கே அம்மா முறுக்கு என்று கேட்டாய். நிலையத்தில் பங்கிட்டேன் என்றேன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான், ராசா. என் நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள்? ஹோர்ஷமில் ஒரு மனிதர், பாதி வருசத்துக்கு. மற்றப் பாதி வருசம் அவரும் கேட்பதில்லை. வேறு யாராவது இருக்கலாம், எனக்கு உறுதியில்லை. ஜோனிடம் இப்படிச் சொன்னால் நிகழ்ச்சியை அன்றைக்கே மூடிவிடுவாள். நான் அவளிடம், அப்பா சொன்னதையே சொல்லிவிட்டேன், நிறையப் பேர் என்று. அடுத்த வருசமும் நான்தான் செய்வேன் என்றும் சொல்லிவிட்டேன்.

உன் அறையும் குளிரூட்டியும் இருக்கட்டும். நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை, இப்போது வர மாட்டேன். கோபிக்காதே. எனக்குத் தனிமை இல்லையென்று நினைக்காதே. உன் அறைக் கதவை நான் பகலில் திறந்து வைக்கிறேன், இரவில் சாத்துகிறேன், ஆள் இருக்கிற மாதிரி. உன் செம்மண் ஊரில் உனக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ எழுதாவிட்டாலும். அங்கே உன்னை ‘ரவ்’ என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய், பெருமையாகத்தான் எழுதியிருந்தாய். கூப்பிடட்டும். ஆனால் ஒரு ஆளுக்காவது உன் முழுப் பெயரைச் சொல்லிக் கொடு. நாக்குச் சுளுக்கினாலும் பரவாயில்லை, நாலு தரம் சொல்லிப் பழக்கு. இந்த நாட்டில் பெயரைச் சொல்ல ஒரு வாய் இல்லாமல் இருப்பதுதான் பெரிய பசி, அதை நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னுமொன்று. இதை எழுதுவதா விடுவதா என்று கனநேரம் யோசித்தேன். அப்பாவின் சட்டத்தை நான் இன்றுவரை மீறவில்லை. நம் வீட்டுப் பெயரை நானாக வாசித்ததில்லை. ஆனால் நேயர் எழுதி அனுப்பினால் வாசிக்கத்தானே வேண்டும், ஒரு பெயரையும் விடக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்தானே? நீ ரயில் ஏறிய அடுத்த கிழமை வந்த அட்டையில், மாஸ்ரர் தன் மகள்மாருக்குக் கீழே இன்னொரு பெயரைச் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் இருக்கிறது. முதல் நாள் வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கார்மல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். இப்போது பழகிவிட்டது. குளிர்காலம் முழுக்க ஹோர்ஷமில் ஒரு மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

இப்போது மறுபடியும் கோடை. அவருக்கும் கேட்காது, உனக்கு எந்தக் காலத்திலும் கேட்காது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறு மணி என்றால் அங்கே உனக்கு மூன்று மணி. நீ உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருப்பாய், அல்லது படுத்திருப்பாய். அந்த நேரம் இங்கே உன் அம்மா ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து வாசித்துக்கொண்டிருப்பாள்: விரும்பிக் கேட்பவர்கள், ஹோர்ஷம் குலசேகரம் மாஸ்ரர், மனைவி பரமேஸ்வரி, மகள்மார் தேவகி, வசந்தி, மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து ரவீந்திரன்.

அம்மா